வாயாடி வைத்த சேனை

அண்ணிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கண் விழித்ததும் பார்வையில் படுகிற இடமாகத் தேடி அண்ணன் ஒரு காலண்டரை மாட்டியிருந்தான். கொழுகொழுவென்று, ரோஜா நிறத்தில், நீலக் கண்ணோடு ஒரு குழந்தைப் படம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் பிறக்குமாம். ஈரோட்டில் நம் வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளைக்கு நீலக் கண் எந்த வழியாக வரும் என்று கேட்டேன். அண்ணி தலையணையை எறிந்தாள். குனிந்து அதை எடுக்கும்போதுதான் காலண்டரின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்த ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. சிவகாசி.

குனிந்தவள் நிமிர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். நாட்டிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளின் சுவருக்கெல்லாம் குழந்தை அச்சடித்து அனுப்புகிற ஊரில், நிஜப் பிள்ளை எப்படிப் பிறக்கிறது? யார் கையில் விழுகிறது? போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சித்தி இருந்தாள். பெயர் குருவம்மா. அவள் மருமகளுக்கு ரெண்டாவது பிரசவம், மாதம் நிறைந்திருக்கிறது, வந்தால் தங்கிக்கொள்ளலாம் என்று தோழி சொல்லி அனுப்பினாள். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவ வீட்டில் என்ன வேலை என்று அப்பா கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டால் பார்க்க நேரமிருக்காது என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2006 ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை விடிகாலையில் ஈரோட்டிலிருந்து கிளம்பினேன். கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை. மாட்டுத்தாவணியில் இறங்கி சிவகாசி வண்டியில் ஏறினேன். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். கூட்டம் குறைவாக இருந்ததால் நடத்துநர் பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வெடி வாங்கப் போகிறேனா என்று கேட்டார். பிரசவம் பார்க்கப் போகிறேனுங்க என்றேன். டாக்டரா, நர்சா என்று வரிசையாகக் கேட்டார். ரெண்டும் இல்லைங்க, சும்மா பார்க்கத்தான் என்றதும் சில்லறைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு எதுக்குத் தாயீ இம்புட்டுத் தூரம்? ஒங்க ஊர்ல யாரும் பெறலையா?”

அந்தக் கேள்வி பயணம் முழுக்க என்னோடு வந்தது.

விருதுநகரில் வண்டி நின்ற இடைவெளியில் எண்ணெய்ப் பரோட்டா தின்ன ஓடினேன். எங்கள் ஊரில் பரோட்டாவைக் கல்லில் வாட்டுவார்கள். இங்கே அது எண்ணெயில் முழுகி மொறுமொறுவென்று எழுந்து வருகிறது. ரெண்டு தின்று முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வாயில் பரோட்டாவோடு ஓடி ஏறினேன். “பிரசவத்துக்கு முந்தி உசுர விட்டுராதீக” என்றார் நடத்துநர். திருத்தங்கலைத் தாண்டியதும் சாலையோரத்துச் சீமைக்கருவேலத்தின் முள்ளிலெல்லாம் வண்ணக் காகிதத் துண்டுகள் சிக்கியிருந்தன. அச்சகத்தில் வெட்டி எறிந்த ஓரங்கள். சிவகாசி வந்துவிட்டதென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கு இன்னொரு பேருந்து, பதினைந்து கிலோமீட்டர். கரிசல் காட்டுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளி நின்றன. பட்டாசுக் கம்பெனிகள். ஒன்று வெடித்தாலும் மற்றது பிழைக்கட்டும் என்று அப்படிக் கட்டுகிறார்களாம். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. பக்கத்துக் கிராமத்தில் நான் இறங்கிய நேரம் கம்பெனி வேன்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல் மினுங்கியது. அலுமினியப் பொடி, சோப்புக்கு லேசில் போகாது என்று பிறகு தெரிந்தது. நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து, அந்தக் கிராமத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

குருவம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி “சாப்பிட்டீகளா?” ரெண்டாவது, “இம்புட்டு ஒல்லியா இருக்கீக, ஒங்க ஊர்ல சோறு இல்லையா?” மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். சீசன் நேரம், தீபாவளி சரக்கு. மருமகள் மாரீஸ்வரி நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து, மடியில் பலகையை வைத்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். வெடிமருந்து நிரப்பும் அறைக்குப் போவதை ஏழாம் மாதத்தோடு நிறுத்திவிட்டாள். வெற்றுக் குழாய்க்கு ஆபத்தில்லை என்றாள். பேசும்போதும் விரல்கள் நிற்கவில்லை.

பாக்கியத்தை முதலில் பார்த்தது அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டு முற்றத்தில். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். மணையில் உட்கார்ந்து ரெண்டு காலையும் நீட்டி, அந்தக் கால்களுக்கு நடுவே பச்சைப் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் அவளை மருத்துவச்சி என்கிறார்கள். முன்பு வீட்டுக்கு வீடு பிரசவம் பார்த்தவள். இப்போது பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டது. ஆனால் வலி கண்டவளின் இடுப்பைப் பிடிப்பதும், பிள்ளைக்குத் தண்ணி ஊற்றுவதும், தாய்க்கு உடம்பு தேற்றும் காயமருந்து இடிப்பதும் இன்னும் அவள் கையில்தான். பிள்ளையின் மூக்கை ஊதிச் சுத்தம் செய்கிற பழைய வழக்கத்தை, நர்சம்மா சொன்னது நியாயம் என்று விட்டுவிட்டாளாம். எண்ணெயை மட்டும் விட மாட்டேன், வேண்டுமானால் போலீசைக் கூப்பிடட்டும் என்றாள்.

பிள்ளையைத் துவட்டித் தொட்டிலில் போட்டதும் தலைமாட்டில் ஒரு சின்ன அரிவாளை வைத்தாள். காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்.

“பொறந்த பிள்ளைக்கு இரும்புதான் காவலு. அதே பிள்ளை வளந்து கம்பெனிக்குள்ள போயிட்டா அங்கன இரும்புதான் எமன். ஒரு ஆணி ஒரசுனாப் போதும். எழுதிக்கோ ஈரோட்டுக்காரி.”

பாக்கியமும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். நாலு பேர் இருக்க வேண்டிய மருந்து அறையில் சீசன் நேரத்தில் பத்துப் பேரை உட்கார வைக்கிறார்கள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். மறுநாள் வேனில் ஏற வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏற்றாதே என்று சொன்னவர் கருப்பசாமி, வேன் வைத்துப் பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு ஆள் கொண்டுபோகிற ஏசென்டு. அவர் குருவம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

மறுநாள் காலையில் அவரையும் பார்த்தேன். மொடமொடப்பான வெள்ளைச் சட்டை. கையில் செல்போன். ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்து நின்று “சரிங்க மொதலாளி” என்றார். உட்கார்ந்து பேசிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா மருமகளின் பிரசவத்துக்கு எந்த நேரம் என்றாலும் வேன் வரும், கவலை வேண்டாம் என்றார். அவர் கிளம்பியதும் குருவம்மா பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுத்துத் துடைத்தாள். சேனை வைக்கிற சங்கு.

ஈரோட்டுப் பக்கமும் இது உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு இனிப்பு வைப்பது சேனை. யார் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டும். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். எனக்கு வைத்தவர் வங்கியில் வேலை பார்த்த பெரியப்பா. நான் கணக்கில் ரெண்டு தடவை தோற்றேன். ஆகவே எனக்கு இதில் பெரிய நம்பிக்கையில்லை. ஆனால் இந்தத் தெருவில் நம்பாத ஆளே இல்லை. நாலு பேரை வேலைக்குச் சேர்த்துவிடுகிற கை, பெரிய இடத்தில் பழக்கம் உள்ள ஆள் என்று கருப்பசாமியைத்தான் பாதி வீடுகளில் சேனைக்கு அழைக்கிறார்கள். பாக்கியத்தை ஒரு வீட்டில்கூட அழைத்ததில்லை. பிள்ளையைத் தாங்க அவள் கை வேண்டும், கழுவ வேண்டும், நஞ்சுக்கொடியைப் புதைக்க வேண்டும். நாக்கில் தொட மட்டும் கூடாது. அந்த வாய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

தண்ணி பிடிக்கப் போன இடத்தில் மாரீஸ்வரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, அது நிறைகிற சத்தத்துக்குள் சொல்லி முடித்தாள்.

“மூத்தவளுக்கு ஏசென்டு சித்தப்பாதான் வச்சாரு. மூணு வயசாகுது. யாரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டுறா. உக்காருன்னா உக்காருறா. எல்லாரும் நல்ல பிள்ளைங்காக. எனக்குப் பயமா இருக்கு.”

மாரீஸ்வரிக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளும் நல்ல பிள்ளை. உட்காரச் சொன்ன மருந்து அறையில் உட்கார்ந்தாள். அங்கே எத்தனை பேர் இருக்கிறோம் என்று அவளும் கேட்கவில்லை, கூட இருந்தவர்களும் கேட்கவில்லை. அந்த அறையிலிருந்து ஒருத்தியும் வீடு திரும்பவில்லை. மாரீஸ்வரி இதை அழாமல் சொன்னாள்.

“இந்தப் பிள்ளைக்குப் பாக்கியத்தக்கா வாயி வேணும். அவுகளே வைக்கணும்.”

பாக்கியத்திடம் கேட்டாயா என்றேன். கேட்டால் முடியாது என்பார்கள், கேட்கவில்லை என்றாள். குடம் வழிந்தது. தூக்கி இடுப்பில் வைக்கப் போனவளிடமிருந்து பிடுங்கி நான் சுமந்தேன். பாதி தண்ணீர் என் மேல். அதைப் பார்த்த மாமியார், ஈரோட்டில் குடம் கிடையாதா என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், வேன் தெருவுக்குள் நுழைகிற நேரத்தில் வலி கண்டது. பாக்கியம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொன்னாள். வேனுக்குள் ஏற்கனவே கம்பெனிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்கள். மாரீஸ்வரியின் பின்னாலேயே பாக்கியம் படியில் கால் வைத்தாள். கருப்பசாமி முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

“ஏத்தா பாக்கியம், இந்த வேன்ல ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல.”

“நான் எங்க ஏறுதேன்? இவ இடுப்பப் பிடிச்சிருக்கேன். இடுப்பு ஏறுது, கையும் கூட ஏறுது. வேணும்னா இடுப்ப எறக்கி விடுங்க.”

வேன் முழுக்கச் சிரித்தது. அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாக்கியம் ஓட்டுநரை அவர் அப்பன் பெயர் சொல்லித் திட்டினாள். மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன் தூக்குச் சட்டியிலிருந்த தண்ணீரால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். கையில் வெள்ளிப் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துடைக்க விட்டாள் பாக்கியம்.

சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக்குள் உடன் ஒரு பெண்ணை விடுகிறார்கள். குருவம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மாரீஸ்வரி பாக்கியத்தின் மணிக்கட்டை விடவில்லை. நர்சம்மா ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, பாக்கியத்திடம், உள்ளே வந்து எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்றார். நீங்க சரியாப் பாத்தா நான் எதுக்குப் பேசப்போறேன் என்றாள் பாக்கியம். ரெண்டு பேருக்கும் பல வருடப் பழக்கம் என்று தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

நானும் குருவம்மாவும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மருமகள் தன்னை விட்டு இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டது அவளுக்குச் சுருக்கென்றிருந்தது. ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டுக் கருப்பசாமி திரும்பி வந்தார். குளித்து, திருநீறு பூசி, சட்டையும் மாற்றியிருந்தார். சேனைக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று புரிந்தது. குருவம்மா ஆறிய வெந்நீரில் சீனியைக் கரைத்துச் சங்கில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒருத்தி என்ன நினைத்துப் படுத்திருக்கிறாள் என்று வெளியே இருக்கிற மூவரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதியத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. பெண். மாரீஸ்வரியைக் கட்டிலுக்கு மாற்றிய பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். கருப்பசாமி வாசல்படியில் நின்றார். குருவம்மா சங்கை நீட்டியதும் நர்சம்மா கையைக் குறுக்கே வைத்தார்.

சீனித்தண்ணி கூடாது, தேன் கூடாது, கழுதைப்பால் கூடாது, தாய்ப்பால் மட்டும்தான், அதுவும் இப்போதே என்றார். ஒரே ஒரு சொட்டு என்று குருவம்மா கெஞ்சிப் பார்த்தாள். வாசலிலிருந்து கருப்பசாமி பெருந்தன்மையாகச் சொன்னார். “விடுக்கா. வீட்டுக்கு வந்து வச்சுக்கிடலாம். அதுவரைக்கும் வேற யாரும் வாயில எதையும் வச்சிராதீக.”

மொதப்பால் மஞ்சளாக இருக்குமே, அதைப் பீச்சி விட்டுவிட வேண்டாமா என்று குருவம்மா அடுத்த சந்தேகத்தைக் கேட்டாள். அந்த மஞ்சள்தான் பிள்ளைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆம்பளைகள் வெளியே போகலாம் என்று அதட்டிவிட்டு, நர்சம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். கருப்பசாமி வெளியே போகவில்லை. மரியாதைக்காரர், திரும்பி நின்றுகொண்டார். பின்னால் கை கட்டி, வேப்பமரத்தைப் பார்த்தபடி.

மாரீஸ்வரி ரவிக்கையைத் தளர்த்தினாள். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்திய பாக்கியத்தைப் பார்த்தாள்.

“அக்கா, விரல நீட்டுங்க.”

பாக்கியத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பின்னால் நகர்ந்தாள். அவள் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“வேணாம் தாயீ. இந்த வாயால நான் வேலைய விட்டேன். புருசன் என்னைய விட்டான். பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு?”

“அதான் வேணும். நீட்டுங்கக்கா.”

குருவம்மா சங்கோடு அப்படியே நின்றாள். தடுக்க ஒரு எட்டு வைத்தால் போதும். வாசலில் நிற்கிற தம்பியை ஒரு குரல் கூப்பிட்டால் போதும். அவள் ரெண்டையும் செய்யவில்லை. ஏன் என்று பிறகு கேட்டதற்கு, கால் வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

பாக்கியம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையிலிருந்த குழாயில் சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். வந்து சுண்டுவிரலை நீட்டினாள். மாரீஸ்வரி பீச்சினாள். கெட்டியாக, மஞ்சளாக ஒரு சொட்டு விரல் நுனியில் நின்றது. பாக்கியம் அதைப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை வாயை மூடி விரலைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், விடவில்லை.

“பாரு, இப்பவே வம்புக்கு நிக்குது” என்றாள் பாக்கியம்.

கருப்பசாமி திரும்பிப் பார்க்காமலே, என்ன பேச்சு அங்கே என்று கேட்டார்.

“சேனை வச்சாச்சு சித்தப்பா” என்றாள் மாரீஸ்வரி.

அவர் திரும்பினார். மாரீஸ்வரி சேலையை இழுத்து மூடியிருந்தாள். குருவம்மாவின் கையில் சங்கு நிறைந்தபடியே இருந்தது. பாக்கியத்தின் விரல் இன்னும் பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. விளங்கிக்கொள்ள வேறொன்றும் தேவைப்படவில்லை.

“ஏக்கா, நீ பாத்துக்கிட்டா இருந்த?”

“நீதான்லே திரும்பி நின்ன” என்றாள் குருவம்மா.

அவர் முகம் சுருங்கிப்போனது. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும். குளித்து வந்த மனிதர். ஊரில் எத்தனை பிள்ளைக்குச் சேனை வைத்தவர். தன்னை ஒருவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

“பொம்பளப் பிள்ளைக்கு இந்த வாயி வந்துச்சுன்னா நாளைக்கு எந்தக் கம்பெனில சேப்பான்?”

“சேக்க வேணாம்” என்றாள் மாரீஸ்வரி. “அதுக்குத்தான் வச்சது.”

அவர் போய்விட்டார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. குருவம்மா பெஞ்சில் உட்கார்ந்து சங்கை வெகுநேரம் பார்த்தாள். சீனி வீணாய்ப் போகக் கூடாது என்று சொல்லி, அண்ணாந்து அவளே குடித்துவிட்டாள்.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, தலைமாட்டில் அரிவாள் வைத்தாயிற்று. செய்தி எங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. சனி, ஞாயிறு முழுக்கப் பெண்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். உண்மையில் பார்க்க வந்தது வாயை. கொட்டாவி விட்டால்கூட ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். இந்தப் பிள்ளை பத்தாம் நாளே மாமியாரை எதிர்த்துப் பேசும் என்றாள் ஒருத்தி. பிள்ளைக்கு ஏது மாமியார் என்றதற்கு, இதுக்கு வரப்போகிறவள் பாவம் என்று இப்போதே இரக்கப்பட்டாள்.

கருப்பசாமியின் வேன் திங்கட்கிழமை குருவம்மா வாசலில் நிற்காமல் ஹாரனை அடித்துக்கொண்டு போனது. அவள் தூக்குச் சட்டியோடு மெயின் ரோட்டுக்கு நடந்து, வேறு ஏசென்டின் வேனில் ஏறினாள். சீசன் நேரத்தில் வேலைக்கு வரும் கையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மறுநாள் அவளோடு தெருவில் இன்னும் சிலரும் நடந்தார்கள். புதன்கிழமை கருப்பசாமியின் வேன் மறுபடி மெதுவாக வந்தது. வாசலில் நிற்கவில்லை. பத்தடி தள்ளி நின்றது. அவருக்கும் ஆள் வேண்டும், ரோசமும் வேண்டும். குருவம்மா அந்தப் பத்தடியை எவ்வளவு நிதானமாக நடக்க முடியுமோ அவ்வளவு நிதானமாக நடந்து போய் ஏறினாள்.

அன்றைக்கு மதியமே மேலத் தெருவிலிருந்து ஓர் ஆள் வந்தான். நிலபுலன் உள்ள பெரிய வீட்டின் பண்ணையாள். அந்த வீட்டு மகளுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலையில் வந்து பிள்ளைக்குத் தண்ணி ஊற்றச் சொன்னார்கள் என்று பாக்கியத்திடம் சொன்னான். வழக்கம்போலக் கொல்லை வழியாக வந்துவிடு என்றான். பாக்கியம் மாரீஸ்வரியின் பிள்ளையைக் காலில் போட்டுத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பல வருடமாகப் போகிற வழிதான். சரி என்று தலையாட்டப் போனாள்.

உள்ளேயிருந்து மாரீஸ்வரி எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். பச்சை உடம்புக்காரி எழக் கூடாது.

“அக்கா, எம்பிள்ளைக்குச் சேனை வச்ச கை அது. நீங்க கொல்லை வழியாப் போனா இவளும் நாளைக்குக் கொல்லை வழியாத்தான் போவா.”

பாக்கியம் காலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். சேனை வைத்தால் பிள்ளைக்குத்தான் கட்டு என்று நான் நினைத்திருந்தேன். வைத்தவருக்கும்தான் என்று அப்போது விளங்கியது. மெதுவாக ரெண்டு கை தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

“முன்வாசல் வழியா வாரேன்னு சொல்லு.”

விளையாடாதே என்றான் அந்த ஆள். செருப்புப் போட்டு நடந்து வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லு என்றாள். மேலத் தெருவில் இந்தத் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் இன்றைக்கும் வழக்கம். சட்டமெல்லாம் வந்து எவ்வளவோ காலமாகிறது. செருப்புக்கு அது தெரியாது போலிருக்கிறது. அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். இதுவரை பதில் வரவில்லை.

இன்று வியாழக்கிழமை. காலையில் நான் ஊர் திரும்பியிருக்க வேண்டும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசி, ரெண்டு நாள் தள்ளும் என்று சொன்னேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மாவிடம், பிறந்தபோது எனக்குத் தண்ணி ஊற்றியது யார் என்று கேட்டேன். ஒரு பொம்பளை வருவாள் என்றாள் அம்மா. நல்ல கைராசி, உன் மூக்கை எடுப்பாக்கினதே அவள்தான். பெயரைக் கேட்டேன். பெயர் ஞாபகமில்லையே கண்ணு, பின்பக்கமா வந்துட்டு பின்பக்கமாவே போயிடுவா என்றாள்.

நடத்துநருக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். எங்கள் ஊரிலும் பிறக்கிறார்கள். எந்த வாசல் வழியாக வந்து யார் கழுவினார்கள் என்றுதான் நாங்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அண்ணிக்கு மார்கழியில் பிறக்கும்போது அந்த வாசல் சண்டையை எங்கள் வீட்டில் நான் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் நாளைக் காலை இருக்கிறது.

குருவம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள், தானும் வருகிறாளாம். கேட்டால், வேடிக்கை பார்க்கத்தான் என்கிறாள். பாக்கியம் சாயங்காலம் சிவகாசிக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். நடந்து பார்க்கிறாள், கடிக்கிறது என்கிறாள். கடிக்கட்டும், கழற்ற மாட்டேன் என்கிறாள். மேலத் தெரு முனையிலிருந்து பெரிய வீட்டு வாசல் வரை ஒரு கல் எறிகிற தூரம் இருக்கும். விடிந்ததும் அந்தத் தூரத்தைப் பாக்கியம் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடக்கப் போகிறோம். கதவு திறக்குமா என்று தெரியாது. செருப்பைக் கழற்றப் போவது முன்வாசலில்தான்.